சென்னைப் பல்கலைக்கழகம் தானாகச் செய்தது என்ன?

கணக்குப்பிள்ளை_2ஆம்_ஆண்டு

எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செப்டம்பர் 5 அன்று எங்கள் துறையில் ஆசிரியர் நாள் விழா. 1857இல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே செப்டம்பர் 5தான் என்பதால், அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி துறைத்தலைவர் சொல்லிவிட்டார்.

எங்கே தேடினாலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. சர் சி. வி. இராமன், சந்திரசேகர், இராமானுஜன், இராதாகிருஷ்ணன், அப்துல் கலாம். அதையே எழுதி வீட்டில் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், அதிலிருந்து பேனா நகரவில்லை. "இராமனும் சந்திரசேகரும் படித்தது மாநிலக் கல்லூரி. இராதாகிருஷ்ணன் கிறித்தவக் கல்லூரி. கலாம் திருச்சி செயின்ட் ஜோசப். சொல்லிக்கொடுத்ததெல்லாம் கல்லூரிகள். பல்கலைக்கழகம் கேள்வித்தாள் அச்சடித்தது, பட்டம் கொடுத்தது. இராமானுஜனுக்கு அந்தப் பட்டத்தையும் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, அது தானாகச் செய்தது என்னடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகம் தன் கையால் செய்த காரியம் என்று எதைச் சொல்லலாம்? தெரிந்தவர்கள் உதவுங்கள்.

சேப்பாக்கம்_வாசி

தம்பி, இந்தியாவிலேயே முதல் பல்கலைக்கழகம் நம்முடையது. அதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். மெரினாவில் இருக்கும் செனட் ஹவுஸ் கட்டடத்தையும் மறக்காமல் சேருங்கள். இராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, 1874 முதல் 1879 வரை கட்டினார்கள். 1937இல் சட்டமன்றமே சில மாதம் அங்கே கூடியது.

நெய்தல்

செனட் ஹவுஸ் பற்றிச் சொன்னது சரி. "இந்தியாவிலேயே முதல்" என்பதை மட்டும் மேடையில் சொல்ல வேண்டாம், யாராவது எழுந்து திருத்துவார்கள். 1857 ஜனவரியில் கல்கத்தா, ஜூலையில் பம்பாய், செப்டம்பரில் சென்னை. மூன்றும் ஒரே ஆண்டில் வந்தவை, அந்த வரிசையில் நாம் மூன்றாவது. ஆனால் அதற்கு 18 ஆண்டுகள் முன்பே, 1839இல், உயர்கல்விக்கு வழி செய்யுங்கள் என்று சென்னை மக்கள் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டு ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். இரயில் இல்லை, தந்தி இல்லை, அந்தக் காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து. முதல் இடத்தை விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

தம்பி, உங்கள் மாமா கேட்டது நல்ல கேள்வி. கோபித்துக்கொள்ளாமல் அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள், அதனால் தொடக்கத்தில் பாடம் நடத்தும் வேலை அதற்கு இல்லை. கல்லூரிகள் சொல்லிக்கொடுக்கும், பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அப்படியே ஓடியது. 1904இல் வந்த சட்டம்தான் பல்கலைக்கழகங்கள் தாமே கற்பிக்கலாம், ஆய்வு நடத்தலாம் என்று வழி திறந்தது. அதற்குப் பின் சென்னையில் நடந்ததைப் பாருங்கள், மாமாவின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நான் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். பல்கலைக்கழகமே தொகுத்து வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

1913இல் அந்த வேலை தொடங்கியது. முதல் பதிப்பாசிரியர் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார் ஜே. எஸ். சாண்ட்லர். தலைமைத் தமிழ்ப் பண்டிதராக மு. இராகவையங்கார் இருந்தார். ஓலைச்சுவடி, அச்சு நூல், கல்வெட்டு, பேச்சு வழக்கு என்று எல்லாவற்றிலும் சொல் பொறுக்கினார்கள். 1924இல்தான் முதல் பகுதி அச்சாகி வெளிவந்தது. 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்று 1936க்குள் ஆறு தொகுதிகளையும் முடித்தார், 1939இல் அனுபந்தமும் வந்தது. மொத்தம் 1,17,762 சொற்கள். தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை 26 ஆண்டு. நடுவில் ஒரு உலகப்போர். எந்தத் தனிக் கல்லூரியாலும் இது முடிந்திருக்காது, எந்தப் பதிப்பகமும் இதற்குக் கை வைத்திருக்காது. அவ்வளவு காலம் பொறுத்துச் சம்பளம் கொடுக்க ஒரு பல்கலைக்கழகம் தேவைப்பட்டது.

இப்போது என் காரணம். என் அப்பா வேதாரண்யத்தில் உப்பு அள்ளும் தொழிலாளி. எங்கள் வீட்டில் யாரும் "உப்பளம்" என்று சொல்லிக் கேட்டதில்லை. "அளத்துக்குப் போறேன்" என்றுதான் அப்பா விடியற்காலையில் கிளம்புவார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கட்டுரையில் "அளம்" என்று எழுதிவிட்டு, பேச்சுவழக்கு என்று சிவப்பு மையில் அடி வாங்கினேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் எழுதவே இல்லை.

1980களில் நெய்தல் திணைப் பாடல்களில் ஆய்வு செய்ய மெரினா வளாகத்துக்கு வந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் பேரகராதி முதல் தொகுதியை வேறு ஏதோ சொல்லுக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது, "அளம்". பக்கத்தில் பொருள்: உப்பளம். பழைய நிகண்டிலேயே இருக்கிற சொல் என்று குறிப்பும் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னம்மா ஆயிற்று என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அந்தப் பதிவைக் கையால் எழுதி எடுத்துப்போய் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நம்ம சொல்லு அவ்வளவு பெரிய புத்தகத்துல இருக்கா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில்நாடு என்று எந்த வட்டாரத்தில் வழங்கும் சொல் என்பதைக்கூடக் குறித்திருப்பார்கள். குறைகளும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் பலவற்றை விட்டுவிட்டார்கள், தமிழ் வேரை வடமொழி வேர் என்று காட்டினார்கள் என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகக் குறை சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் பேரகராதி இல்லையென்றால் குறை சொல்வதற்கும் பிடிமானம் இருந்திருக்காது. பிறகு வந்த அகராதிக்காரர்கள் எல்லோரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறார்கள். இன்று கைப்பேசியிலேயே தேடலாம். நீங்கள் கணிதம் படித்தாலும் ஒருமுறை உங்கள் வீட்டுச் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

நான் உட்கார்ந்து படித்த நூலகமும் பல்கலைக்கழகத்தின் சொந்தக் காரியம்தான். சீர்காழிக்காரர் எஸ். ஆர். இரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் உங்களைப் போலக் கணிதக்காரர், பேராசிரியர். 1924 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். வந்த சில நாட்களிலேயே இந்த வேலை வேண்டாம், மறுபடியும் வகுப்புக்கே போகிறேன் என்று கேட்டிருக்கிறார். இலண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைத் தொகுப்பைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளை வெவ்வேறு விதமாக முடுக்கினால் வெவ்வேறு பொம்மை வருகிறது அல்லவா, நூலின் பொருளையும் அப்படித் துண்டுகளாக்கிக் கோக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதுதான் 1933இல், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையாக வந்தது. 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகள். "நூல்கள் பயன்பாட்டுக்கே" என்பது முதல் விதி. கேட்க எளிதாக இருக்கும். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் நூலகங்கள் நிறைந்திருந்த காலத்தில் சொன்னது அது. கன்னிமாரா பொது நூலகத்தில் ஒண்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழக நூலகம் 1936இல் கடற்கரைப் பக்கம் தன் கட்டடத்துக்கு வந்தது.

குவாண்டம்_வாத்தியார்

நெய்தல் அம்மா சொன்னதோடு அறிவியல் பக்கத்திலிருந்து ஒன்று. கிண்டி வளாகத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் நான். நான் சேர்ந்தபோது ஜி. என். இராமச்சந்திரன் அங்கே இல்லை, 1970களின் தொடக்கத்திலேயே பெங்களூருக்குப் போய்விட்டார். ஆனால் துறை முழுக்க அவர் பெயர்தான் பேச்சு.

1952இல் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. அப்போதைய துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு தொடர்ந்து அந்தப் பதவியில் இருந்தவர், மகப்பேறு மருத்துவர். அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்திருந்த பிரிட்டன் அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. கிண்டிக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, ஆய்வுக்குக் கொலாஜன் கிடைக்கப் பெரிய வசதி. 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். பின்னர் டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட கிரிக்கும் அவரோடு ரிச்சும் அதில் சில திருத்தம் சொன்னார்கள், ஆனால் மூன்று இழை என்ற அடிப்படை நின்றது.

அப்புறம் 1963. இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் போட்ட வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் திரும்பும். அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு ஒரு சதுரத்துக்குள் வரைந்தார்கள். இன்றைக்கும் உலகத்தில் எங்கே யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், இராமச்சந்திரன் வரைபடத்தில் புள்ளிகள் சரியான இடத்தில் விழுகின்றனவா என்று பார்த்த பிறகே வெளியிடுகிறார்கள். அது இணைப்புக் கல்லூரியில் நடந்தது இல்லை. பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறையில், சொந்த ஆய்வகத்தில் நடந்தது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி.

நான் முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தினேன். பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வகுப்பு இதற்காக ஒதுக்குவேன். மூன்று நிறக் கயிறு கொண்டுபோய் முறுக்கிக் காட்டுவேன்.

வடமராட்சி

வணக்கம். எங்கட பக்கத்துச் செய்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கோ தம்பி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தவர்கள். சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். தொடங்கி அடுத்த ஆண்டே, 1858இல் தேறினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். தாமோதரம்பிள்ளை அந்தப் பட்டத்தை உத்தியோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து 1881இல் வீரசோழியம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். அவர் கை வைக்காவிட்டால் எத்தனை ஏடு மண்ணாகிப் போயிருக்குமோ.

அந்தக் காலத்தில் அதன் எல்லை சென்னை மாகாணத்தோடு நிற்கவில்லை, இலங்கையிலிருந்தும் வந்து தேர்வு எழுதினார்கள் என்பதற்கும் இது சாட்சி.

சேப்பாக்கம்_வாசி

மூன்றாவது என்று திருத்தியதற்கு நன்றி அம்மா, பல வருடமாகத் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறேன். எல்லையைப் பற்றி ஒன்று: மைசூர் 1916, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929, திருவிதாங்கூர் 1937, மதுரை 1966 என்று ஒவ்வொன்றாக இதன் எல்லையிலிருந்து பிரிந்து வந்தவை. பேச்சில் ஒரு வரி போதும்.

கணக்குப்பிள்ளை_2ஆம்_ஆண்டு

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் மாமாவிடம் படித்துக் காட்டினேன். பேரகராதியில் அவருடைய அம்மா சொல்லும் ஒரு சொல்லைத் தேடச் சொன்னார். இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் இராமானுஜன் விஷயத்தை அவர் விடுவதாக இல்லை. "மேதையைத் தேர்வில் தோற்கடித்த பல்கலைக்கழகம்தானே?" என்கிறார். கணிதத் துறையில் பேசுவதால் இதைத் தொடாமல் போகவும் முடியாது. என்ன சொல்லட்டும்?

நெய்தல்

மறைக்காமல் சொல்லுங்கள். பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் 1906இலும் 1907இலும் இராமானுஜன் தோற்றார். கணிதம் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை, விதியில் அதற்கு இடம் இல்லை. அந்த விதி ஒரு பிள்ளையை எப்படி அலைக்கழித்தது என்பதை உங்கள் வகுப்பில் எல்லோரும் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் கதையை 1907இல் நிறுத்தினால் அது பாதிக்கதை. 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர், மாதம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இவருக்கு உதவுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறார். ஆய்வு உதவித்தொகை வாங்க முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனிடம் எந்தப் பட்டமும் இல்லை. அப்படியிருந்தும் இரண்டு தேர்வில் தோற்ற அதே ஆளுக்கு, தன் விதியை விலக்கி வைத்து, மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆய்வு மாணவராக எடுத்துக்கொண்டது பல்கலைக்கழகம். 1913 மே மாதம் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை கொடுத்தால் போதும், வேறு வேலை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நாள் முழுக்கக் கணிதம் செய்ய அவருக்குச் சம்பளம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் போக ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான். ஹார்டி கூப்பிட்டார், சரி, கப்பலேற்றி அங்கே வாழவைத்த பணம் சென்னைப் பணம்.

பல்கலைக்கழகம் செய்ததில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான் தம்பி. தவறு செய்யாத நிறுவனம் இல்லை. ஆறு ஆண்டுக்குள் தன் தவறைத் தன் கையாலேயே திருத்திய நிறுவனங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானே ஆசிரியராக இருந்த காலத்தில், ஒரு பாடத்தில் மட்டும் தேறாத பிள்ளைகளுக்காக எங்கெங்கோ விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், விதி இடம் கொடுக்காது என்று திரும்பி வந்துவிடும். அப்போதெல்லாம் இந்த 75 ரூபாய் நினைவுக்கு வரும்.

அவர் கைப்பட எழுதிய மூன்று நோட்டுப்புத்தகங்களும் பல்கலைக்கழக நூலகத்தின் காப்பில்தான் இருக்கின்றன.

இன்னொன்று. 1919இல் ஊர் திரும்பும் முன் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தொடரும் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்த ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து பதிவாளருக்கு இராமானுஜன் பதில் எழுதினார். என் செலவுக்குப் போதியது போக, பெற்றோருக்கு 50 பவுன் போக, மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். அப்போது அவர் கடுமையான நோயாளி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சேத்துப்பட்டில் இறந்துபோனார்.

கணக்குப்பிள்ளை_2ஆம்_ஆண்டு

அம்மா, அந்தக் கடிதத்திலிருந்தே பேச்சைத் தொடங்கப் போகிறேன். பின்னோக்கிப் போய் 1913, அதிலிருந்து பேரகராதி, நூலகம், கிண்டி. பட்டியலை எடுத்துவிட்டேன். குவாண்டம் ஐயா, மூன்று நிறக் கயிறு நானும் கொண்டுபோகிறேன், அனுமதி கொடுங்கள்.

ஒரு சந்தேகம். 75 ரூபாய் என்று மட்டும் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு அதன் கனம் தெரியுமா?

நெய்தல்

துறைமுகத்தில் வாங்கிய 30 ரூபாயை முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் 75 என்று சொல்லுங்கள். கணித மாணவர்கள்தானே, கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

குவாண்டம்_வாத்தியார்

கயிறு கொஞ்சம் தடியாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, கடைசி வரிசைக்கும் தெரியட்டும்.